பதினாறு எழுத்தில் ஐந்து தட்டு

மூன்று புளியங்கொட்டையும் ஐந்து கூழாங்கல்லும் எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டை என்றால் தட்டு, கல் என்றால் மௌனம். கொட்டைகளை இடம்விட்டு வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் வலப்பக்கத்திலும் ஒரு கல் வையுங்கள். இரண்டு கல் மிச்சம். அவற்றை முதல் இரண்டு கொட்டைகளுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுங்கள். இப்போது எண்ணினால் மூன்று, மூன்று, இரண்டு. வாயால் சொன்னால் தகிட தகிட தக.

கியூபாவில் இதற்கு ட்ரெசியோ என்று பெயர். மிச்சத்தை மறுபடி மறுபடி பங்கிடும் இந்தக் கணக்கு, மீப்பெரு பொது வகுத்தி காண யூக்ளிட் எழுதிவைத்த அதே முறை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் நியூட்ரான் ஆய்வு இயந்திரத்துக்காக, துடிப்புகளைச் சீராகப் பரப்பும் வழியை பியோர்க்லண்ட் என்பவர் வகுத்தார். அந்த வழியும் யூக்ளிட் முறையும் ஒன்றுதான் என்று கண்டுகொண்டவர் மெக்கில் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியலாளர் காட்ஃப்ரீட் டூசான். இந்தச் சிறிய கணக்கிலிருந்து பல நாடுகளின் மரபுத் தாளங்கள் பிறப்பதை 2005-இல் அவர் எழுதிக் காட்டினார். இன்று பல மின்னணுத் தாளக் கருவிகளில் இரண்டு எண்களைக் கொடுத்தால் போதும், தாளம் வந்துவிடும்.

இனி பதினாறு இடத்தில் ஐந்து தட்டு. கணக்கு தருவது நான்கு மூன்றும் ஒரு நான்கும். அந்த நான்கை நடுவில் வைத்தால் பிரேசிலின் போசா நோவா தாளம்:

தகிட தகிட தகதிமி தகிட தகிட

ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தில் மட்டும் கை தட்டுங்கள். நான்கு எழுத்துக்கு ஒரு தரம் காலால் தட்டுங்கள். கையும் காலும் முதல் எழுத்தில் சேர்ந்து விழும். அப்புறம் அந்தச் சுற்று முடியும்வரை சேரவே சேராது. கால் தரையில் நிற்க, கை மிதந்துகொண்டே இருக்கும். அந்த மிதப்பை உடம்பு உணரும்வரை விடாதீர்கள். எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

பிறகு இதைச் சொல்லுங்கள்:

தகிட தகிட தகதிமி தக தகதிமி

கியூபாவின் 'சோன்' இசையைத் தாங்கி நிற்கும் கிளாவே இதுதான். முன்னதோடு ஒப்பிட்டால் ஐந்தாவது தட்டு மட்டும் ஓர் எழுத்து முன்னால் வந்திருக்கிறது, மற்ற நான்கும் அதே இடத்தில்தான். அந்த ஓர் எழுத்தால் ஐந்தாவது தட்டு நேராகக் காலின் மேல் வந்து இறங்குகிறது. விலகிப் போனவன் வாசலில் கால் வைத்த மாதிரி. அதன்பின் நான்கு எழுத்து நீளத்துக்குக் கை ஓய்கிறது. கேட்கும்போது அந்த இறக்கத்துக்காகக் காத்திருங்கள். யூக்ளிட் கணக்கு இதைத் தராது, இது அவ்வளவு சீரானதல்ல. கணக்கைத் தெரிந்துகொள்வதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான்: சீர் எங்கே இருந்திருக்கும் என்று தெரிவதால், கியூபாக்காரர்கள் அதை எங்கே நெகிழ்த்தினார்கள் என்பது காதில் விழுகிறது. இந்த ஐந்து தட்டு ஏன் இத்தனை பேரை இழுக்கிறது என்று டூசான் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 2013-இல் வந்த அவருடைய தாள வடிவவியல் புத்தகத்தில் அதற்குப் பெரிய இடம் உண்டு.

கிளாவேயை வாசிப்பது இரண்டு குட்டையான கட்டைகளால். ஒன்றை, குழித்த உள்ளங்கையின் மேல் அழுத்தாமல் வைத்து மற்றதால் தட்டுவார்கள். கைக்குழி தரும் வெற்றிடத்தால்தான் அந்தக் கணீரென்ற ஓசை. இரைச்சலான வாத்தியக் குழுவிலும் அதைத் தனியாகப் பிடித்துவிடலாம். 1955-இல் அமெரிக்கப் பாடகர் போ டிட்லி தன் பெயரையே தலைப்பாக வைத்துப் பாடிய பாட்டில் கிடார் இந்த ஐந்து தட்டைச் சுற்றியே ஓடுகிறது, அதிலிருந்து தொடங்குவது சுலபம். கியூபப் பாட்டுகளில் பல சமயம் இரண்டு பாதியும் இடம் மாறி, இரண்டு தட்டு முதலிலும் மூன்று தட்டு பிறகும் வரும். தடுமாறினால் பாட்டை நிறுத்தாமல் அடுத்த சுற்றில் சேர்ந்துகொள்ளுங்கள்.

கை பழகியபின் சோன் கிளாவேயின் மூன்றாவது தட்டை மட்டும் ஓர் எழுத்து தள்ளிப் போடுங்கள்: தகிட தகதிமி தகிட தக தகதிமி. இது ரும்பா கிளாவே.