கிட்டே போய்ப் பார்க்க ஒரு கலம்காரி

எங்கள் வீட்டுக் கூடத்தில், வெயில் நேராக விழாத சுவராகப் பார்த்து, ஆந்திரத்து ஸ்ரீகாளஹஸ்தியில் கையால் எழுதிய ஒரு கலம்காரித் துணியை மாட்டியிருக்கிறோம். ராமர் பட்டாபிஷேகம். நடுவில் பெரிய கட்டத்தில் சிம்மாசனம். சுற்றிலும் வரிசை வரிசையாகச் சின்னக் கட்டங்களில் கதை. இடையே மெல்லிய பட்டைகளில் தெலுங்கு எழுத்து. வருகிறவர்கள் சோபாவில் உட்கார்ந்தபடியே "ரொம்ப அழகா இருக்கு" என்கிறார்கள். எழுந்து ஒரு சாண் தூரத்துக்குப் போனால்தான் அதன் அருமை தெரியும்.

முதலில் கோட்டைப் பார்க்க வேண்டும். சீதையின் புடவை மடிப்பு ஒன்று இடுப்பில் புறப்பட்டுப் பாதம்வரை இறங்குகிறது. தொடங்குமிடத்தில் நல்ல கனம். வளைவில் இளைத்து, காலடியில் மயிரிழையாக முடிகிறது. கலம்காரி எழுதுகோல் வெறும் மூங்கில் குச்சிதான். கூர்முனைக்குச் சற்று மேலே கம்பளியைச் சுற்றி நூலால் கட்டியிருப்பார்கள். சாயத்தில் தோய்த்ததும் கம்பளி குடித்துக்கொள்ளும். விரலால் அழுத்த அழுத்த முனைக்கு இறங்கும். கோட்டின் கனமும் இளைப்பும் அந்த விரலின் பக்குவம். அனுமன் வாலில் ஓரிடத்தில் கோடு லேசாகத் தடித்திருக்கிறது. கலைஞர் அங்கே மறுபடி சாயம் தொட்டிருக்கிறார். முழுத் துணியிலும் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான்.

அந்தக் கோட்டின் கறுப்பு, குச்சியிலிருந்து கறுப்பாக வருவதில்லை. இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டுப் புளிக்கவிட்ட நீர் அது. துணியை முன்பே கடுக்காயும் எருமைப்பாலும் கலந்ததில் முக்கி உலர்த்தியிருப்பார்கள். இரும்பு நீர் கடுக்காயின் துவர்ப்பில் பட்டதும் கறுத்துவிடுகிறது. பாலின் கொழுப்பு சாயத்தைப் பரவவிடாமல் பிடித்துக்கொள்கிறது. இவ்வளவு நுணுக்கமான கோடு கசியாமல் நிற்பது அதனால்தான்.

சிவப்பு இன்னும் விசேஷம். சிவப்பு வேண்டிய இடங்களில் படிகார நீரைத் தடவுவார்கள். ஏறக்குறைய நிறமே இல்லாத நீர். பிறகு ஓடும் தண்ணீரில் அலசி, வேர்ச்சாயத்தில் கொதிக்கவைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். மூலையில் உள்ள போர்க்களக் கட்டத்தை வரைந்தவர் அந்தச் சிவப்பைக் கண்ணால் பார்க்காமலேயே, மனதில் வைத்துத் தீட்டியிருக்கிறார். முத்துமாலைக்கோ தனிச் சாயமே கிடையாது. சாயம் படாமல் விட்டுவைத்த துணியின் வெளுப்பே முத்து. கடுகளவு வட்டங்கள், ஒவ்வொன்றையும் சுற்றிக் கறுப்புக் கோடு.

துணியைச் சுவரில் மாட்டுவது புது மோஸ்தர் என்று சிலர் நினைக்கிறார்கள். கலம்காரி பிறந்ததே தொங்கவிடத்தான். கோயில்களில் சுவாமிக்குப் பின்னே திரையாகவும், தேரில் தொங்கும் உருளைத் துணியான தொம்பையாகவும் அது தொங்கியது. கும்பகோணம் பக்கத்தில் சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்றும் அந்த வேலை நடக்கிறது; அங்கே எழுதும் கருப்பூர் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சாயத்துணிகள் ஐரோப்பியர் வீடுகளில் கட்டில் விரிப்பாகவும் சுவர்த் திரையாகவும் தொங்கின. அங்குள்ள நெசவாளர்கள் கொந்தளிக்க, பிரான்ஸ் 1686இலும் இங்கிலாந்து 1701இலும் 1721இலும் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது. அப்படிப் போன சில துணிகளை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் காணலாம். இங்கே இந்தியாவிலோ தொழில் நலிந்து, 1950களின் இறுதியில் கைவினைகளை மீட்கப் பாடுபட்ட கமலாதேவி சட்டோபாத்யாய எடுத்த முயற்சியால்தான் ஸ்ரீகாளஹஸ்தியில் மறுபடி துளிர்த்தது.

மாட்டுவதிலும் ஒரு நயம் இருக்கிறது. கண்ணாடிச் சட்டத்துக்குள் இழுத்துப் பிடித்து அடைப்பது எனக்கு உடன்பாடில்லை. துணி, துணியாகவே தொங்க வேண்டும். மின்விசிறிக் காற்றுக்குக் கொஞ்சம் அசைந்துகொடுக்க வேண்டும். மேல் ஓரத்தில் பின்பக்கமாக ஒரு பருத்திப் பட்டையைத் தைத்து, அதற்குள் மரக்கம்பு நுழைத்து மாட்டினால் எடை எல்லா இடத்திலும் சமமாக இறங்கும். ஆணி அடிக்கவோ பசை ஒட்டவோ கூடாது. கழற்றி வைக்கும்போது மடிக்காமல் சுருட்டி வையுங்கள். மடித்த இடத்தில்தான் இழை முதலில் விட்டுப்போகும். நடுக்கட்டம் நிற்பவரின் கண்மட்டத்துக்கு வரட்டும்.

வாங்கப் போகும்போது, கையால் எழுதியது என்று கடைக்காரர் சொன்னால், கரையில் உள்ள பூக்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். எல்லாப் பூவும் ஒரே அச்சாக இருந்தால் அது கை எழுதியதல்ல. கையால் எழுதியதற்கான விலை கொடுத்து வாங்காதீர்கள்.