சங்கீதத்தில் வேதம், நிருபத்தில் நியாயப்பிரமாணம்

எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் தினம் ஒரு சங்கீதம் உண்டு. முதல் சங்கீதத்திலேயே ‘வேதம்’ வந்துவிடும். 119ஆம் சங்கீதத்திலோ அந்தச் சொல் திரும்பத் திரும்ப வரும். இரவும் பகலும் நினைத்து மகிழத் தக்க ஒன்று அது என்று சின்ன வயதிலேயே பதிந்துபோயிற்று. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பவுலின் நிருபங்களை வைத்துப் பிரசங்கம் நடக்கும்போது வேறொரு சொல் வரும்: ‘நியாயப்பிரமாணம்’. அது குற்றம் சாட்டும், சாபத்துக்கு உட்படுத்தும். அதிலிருந்து தப்பித்துக் கிருபைக்குள் ஓடி வந்தவர்கள் நாம். ஒன்றை நேசித்தும் மற்றொன்றுக்குப் பயந்தும் வளர்ந்தேன். இரண்டு சொற்களுக்கும் பின்னால் இருப்பது ‘தோரா’ என்ற ஒரே எபிரெயச் சொல் என்று தெரிய வந்தபோது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது.

தோரா என்றால் போதனை, வழிகாட்டல். எபிரெய வேதத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பு கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தொடங்கியபோது அதற்கு ‘நோமோஸ்’ என்ற சொல்லை இட்டார்கள். அதற்குச் சட்டம் என்று பொருள். பவுல் எழுதியதும் கிரேக்கத்தில்தான். தமிழில் உபாகமத்திலும் நிருபங்களிலும் அது நியாயப்பிரமாணம் ஆனது. சங்கீதங்களிலோ வேதமாக நின்றது. மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்ல மாட்டேன். இடத்துக்கேற்பச் சொல் தேர்ந்திருக்கிறார்கள். ஆனால் நியாயப்பிரமாணம் என்று சொன்னாலே கோர்ட்டு வாடை அடிக்கிறது. 1995இல் வந்த திருவிவிலியம் ‘திருச்சட்டம்’ என்றது. திரு சேர்த்தாலும் சட்டம் சட்டம்தான்.

நியாயப்பிரமாணத்தைக் கிருபைக்கு எதிரியாக நிறுத்திப் பிரசங்கிப்பது நம் சபைகளில் ஊறிப்போன பழக்கம். தரங்கம்பாடிக்கு 1706இல் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்கு லுத்தரன். ‘சட்டம் பாவத்தைக் காட்டும், சுவிசேஷம் அதைத் தீர்க்கும்’ என்ற லுத்தரின் பாகுபாடு அந்தக் கப்பலிலேயே வந்துவிட்டது எனலாம். பின்னால் வந்த எழுப்புதல் பிரசங்கிகள் அதை இன்னும் கூர்மையாக்கினார்கள். இந்தப் பழக்கத்தைத் தூக்கி எறியச் சொல்வது என் நோக்கமல்ல. அது செய்த நன்மை பெரிது. ஆனால் அந்த நன்மை எங்கே முடிகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

நன்மை அந்தியோகியாவில் ஒரு சாப்பாட்டுப் பந்தியில் தொடங்குகிறது. புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் மெல்ல எழுந்து விலகிக்கொள்கிறார். பவுல் எல்லார் முன்பாகவும் அவரைக் கடிந்துகொள்கிறார். கலாத்தியர் நிருபத்தில் கிருபையைப் பற்றிப் பவுல் வைக்கும் வாதம் இந்தச் சம்பவத்தை ஒட்டியே வருகிறது. விருத்தசேதனம் செய்துகொள்ளாதவன், யூத உணவு விதிகள் அறியாதவன், தேவனுடைய ஜனமாக இருக்க முடியுமா? முடியும் என்றார் பவுல். அதற்குச் சட்டம் நிபந்தனை ஆகாது என்றார். யார் யாரோடு சாப்பிடலாம் என்ற கேள்விக்கு வந்த பதில் அது. அது இல்லாவிட்டால் கிறிஸ்தவம் யூத மதத்தின் ஒரு சிறு கிளையாகவே இருந்திருக்கும். நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

இங்கே ஒரு முரணைச் சொல்லியாக வேண்டும். நூறு வருடத்துக்கு மேல் கிருபையைக் கேட்ட தமிழ்ச் சபைகளில் சாதிவாரியாக உட்காரும் வழக்கம் இருந்தது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சாவூரில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. நியாயப்பிரமாணத்தால் இரட்சிப்பில்லை என்பதை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள், அந்தச் சொல் பிறந்த பந்தியிலேயே தோற்றார்கள். பவுல் பந்தியைப் பற்றிப் பேசியதை நாம் ஆத்துமாவைப் பற்றிப் பேசியதாக எடுத்துக்கொண்டதன் விளைவு இது என்று எனக்குப் படுகிறது.

ஆத்துமாவைப் பற்றியதாக அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் லுத்தர். எவ்வளவு நோன்பிருந்தும் பாவ அறிக்கை செய்தும் கடவுளைத் திருப்திப்படுத்த முடியவில்லையே என்று மடத்தில் தவித்தவர் அவர். ரோமர் நிருபம் அவருக்கு மருந்தாயிற்று. அவரைப் போலத் தவித்த எத்தனையோ பேருக்கும் அதுவே மருந்து. அதைக் குறைத்துப் பேசுவது கல்நெஞ்சம். ஆனால் மருந்து லுத்தரின் நோய்க்கு உரியது. ஸ்வீடன் நாட்டு லுத்தரன் அறிஞர் கிறிஸ்டர் ஸ்டெண்டால் 1963இல் ஒரு கட்டுரையில் இதைத்தான் சுட்டிக்காட்டினார்: பவுலுக்கு இப்படியொரு உறுத்தும் மனசாட்சி இருந்ததாகத் தெரியவில்லை. பிலிப்பியருக்கு எழுதும்போது, நியாயப்பிரமாணத்தின்படி தன்மேல் குற்றமில்லை என்றே அவர் கூசாமல் சொல்லிக்கொள்கிறார். 1977இல் ஈ.பி. சாண்டர்ஸ் அன்றைய யூத நூல்களை வரிசையாக அலசி எழுதிய புத்தகம் இன்னும் ஒரு படி மேலே போனது. யூதர் சட்டத்தைக் கைக்கொண்டது இரட்சிப்பைச் சம்பாதிக்க அல்ல. கடவுள் அவர்களை முன்பே தெரிந்துகொண்டுவிட்டார், அந்த உடன்படிக்கைக்குள் நிலைத்திருப்பதற்கே கீழ்ப்படிதல் என்று அவர் காட்டினார். சாண்டர்ஸின் வாதத்தில் ஓட்டைகள் உண்டென்று பின்வந்தவர்கள் எழுதினார்கள். ஆனாலும், கடவுளிடம் கணக்குப் பார்த்துப் புண்ணியம் சேர்க்கும் பரிசேயன் என்ற பிரசங்கப் பொம்மையை அதற்குப் பிறகு நேர்மையாகத் தூக்கிக்கொண்டு வர முடியாது.

இதற்கு ஆராய்ச்சிகூடத் தேவையில்லை. யாத்திராகமத்தில் 12ஆம் அதிகாரம் பாஸ்கா, 14ஆம் அதிகாரம் செங்கடல், 20ஆம் அதிகாரம் பத்துக் கட்டளை. விடுதலை முன்னால், கட்டளை பின்னால். எகிப்தில் செங்கல் அறுத்துக்கொண்டிருந்தவர்களிடம், இந்தப் பத்தையும் கைக்கொண்டால் விடுவிப்பேன் என்று யாரும் பேரம் பேசவில்லை. யூதர்கள் பத்துக் கட்டளைகளை எண்ணும் முறையைப் பாருங்கள். எகிப்திலிருந்து உன்னைக் கொண்டுவந்தவர் நான் என்று கடவுள் தம்மை அறிவிக்கிறாரே, அதுவே அவர்களுக்கு முதலாவது. நாம் அதை முன்னுரை என்று தள்ளிவிட்டு அடுத்ததிலிருந்து ஒன்று என்று எண்ணுகிறோம்.

கூடாரப் பண்டிகையின் முடிவில் யூதருக்கு சிம்ஹத் தோரா என்றொரு நாள். உபாகமத்தின் கடைசிப் பகுதியை வாசித்து முடித்ததும் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தைத் தொடங்கிவிடுவார்கள். வெல்வெட் உறை போர்த்து, வெள்ளிக் கிரீடம் சூட்டிய தோல் சுருளைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு ஜெப ஆலயத்தைச் சுற்றி ஆடுவார்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு யாரும் ஆடிப் பார்த்ததில்லை. அவர்கள் அணைத்திருப்பது சங்கீதக்காரனின் ‘வேதம்’.

யூத மரபு நூலான தல்மூதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. மோசேக்குக் கொடுக்கப்பட்ட கட்டளைகள் 613 என்று ரபி சிம்லாய் கணக்குச் சொல்கிறார்: விலக்குகள் 365, விதிகள் 248. அதைத் தொடர்ந்து கணக்கு சுருங்கத் தொடங்குகிறது. தாவீது 11 ஆக்கினார், ஏசாயா 6, மீகா 3. கடைசியில் ஆபகூக் வந்து ஒன்றே ஒன்றில் நிறுத்தினார். நீதிமான் விசுவாசத்தினால் பிழைப்பதைப் பற்றிய வசனம் அது. ரோமர் நிருபத்திலும் கலாத்தியர் நிருபத்திலும் பவுல் எடுத்தாளும் அதே வசனம். ஜெப ஆலயம் அதைச் சட்டத்தின் சாறு என்றது. நம் பிரசங்க பீடம் சட்டத்தின் மேல் வைக்கும் வெட்டு அதுதான்.

இதற்காக யூதச் சட்ட மரபில் கோணலே இல்லை என்று சாதிக்க வேண்டியதில்லை. ஏழாம் வருடம் கடன்களைத் தள்ளிவிட வேண்டும் என்கிறது உபாகமம். அந்த வருடம் நெருங்க நெருங்கக் கடன் கொடுக்க ஆளில்லாமல் போயிற்று. யூத அறிஞர் ஹில்லேல் ஒரு வழி கண்டுபிடித்தார். ‘புரோஸ்புல்’ என்று ஒரு பத்திரம் எழுதிக் கடனை நீதிமன்றத்தின் பொறுப்பில் விட்டால் அது தள்ளுபடி ஆகாது. கட்டளையின் உயிரை எடுத்துவிட்டு உடம்பைக் காப்பாற்றினார் என்று சொல்லலாம். ஏழைக்குக் கடன் கிடைக்க வேறு வழியில்லை என்றும் சொல்லலாம். நான் இரண்டாவது கட்சி. ஆனால் முழு மனதோடு அல்ல. சட்டம் தன்னைத்தானே வளைத்துக்கொள்ளும் இந்த வித்தையைப் பார்த்துத்தான் ‘எழுத்து கொல்லும்’ என்று பேச ஆரம்பிக்கிறார்கள்.

கிருபையின் பெயரால் நாம் வளைப்பது மட்டும் குறைவா? லுத்தர் இருந்தபோதே, அவருடைய கூட்டாளி அக்ரிகோலா விசுவாசிக்குச் சட்டப் பிரசங்கமே வேண்டாம் என்று கிளம்பினார். லுத்தர் 1539இல் அவரை எதிர்த்து எழுத வேண்டியதாயிற்று. நம் பக்கத்து வித்தை இன்னும் நாசூக்கானது. ஓய்வுநாள், உணவு விதி, கடன் தள்ளுபடி, அறுப்பின்போது ஏழைக்கு வயல் ஓரத்தை விட்டுவைப்பது எல்லாம் சிலுவையில் முடிந்தன. தசமபாகம் மட்டும் முடியவில்லை. மல்கியாவின் மூன்றாம் அதிகாரத்தைத் திறக்காமல் காணிக்கைக் கவர் கைக்கு வருவதில்லை. உபாகமம் 14இல் அதே தசமபாகத்தைப் பற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள்: அதைக் காசாக்கிக்கொண்டு போய், குடும்பத்தோடு ஆசைப்பட்டதை வாங்கிச் சாப்பிட்டு, திராட்சரசமும் குடித்து கடவுள் முன் சந்தோஷமாயிருக்கச் சொல்லியிருக்கிறது. மூன்றாம் வருடத்துத் தசமபாகம் லேவியனோடு கூடப் பரதேசிக்கும் அநாதைக்கும் விதவைக்கும். இந்த அதிகாரத்தின்மேல் நான் இதுவரை ஒரு பிரசங்கமும் கேட்டதில்லை.

இதைவிட ஆழமான சேதம் மன்னிப்பில் நடக்கிறது. பாவநிவாரண நாளைப் பற்றி யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா வைக்கும் விதி எளிது. மனிதன் கடவுளுக்கு விரோதமாகச் செய்ததை அந்த நாள் நிவிர்த்தி செய்யும்; அடுத்தவனுக்குச் செய்ததை, அவனைப் போய்ச் சமாதானப்படுத்தும் வரைக்கும் செய்யாது. அதனால் அந்த நாளுக்கு முன்னால் தெரிந்தவர்களை ஆள் ஆளாகப் பார்த்து மன்னிப்புக் கேட்பது யூதர் வழக்கம். இது சட்டம்தான். ஆனால் அடுத்தவனுடைய வாசல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிற சட்டம்.

எண்பதுகளில் எங்கள் அப்பாவிடம் புரோநோட்டு எழுதிக்கொடுத்து நாலாயிரம் ரூபாய் வாங்கியிருந்த ஒருவர், உபவாசக் கூட்டத்தில் சாட்சி சொல்ல எழுந்தார். பழைய கணக்கையெல்லாம் ஆண்டவர் துடைத்துவிட்டார், இப்போது நான் நியாயப்பிரமாணத்துக்கு உட்பட்டவனல்ல, கிருபைக்குள் இருக்கிறேன் என்றார். அழுதார். நடிப்பென்று சொல்ல மாட்டேன். சபை அல்லேலூயா சொன்னது. அப்பா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அம்மா கேட்டாள்: “உங்க நாலாயிரத்தையும் சேத்தா ஆண்டவர் மன்னிச்சிட்டாரு?”

அப்பா பதில் சொல்லவில்லை. பாயை விரித்து ஜெபத்துக்கு உட்கார்ந்தார். அந்த மனிதர் அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் கோயில் வாசலில் அப்பாவுக்குத் தோத்திரம் சொன்னார், எங்கள் வீட்டு வாசலுக்கு மட்டும் வரவில்லை. மூன்று வருடம் முடிந்து புரோநோட்டு காலாவதியாயிற்று.