குடத்தின் கழுத்தைப் பார்

தீபாவளி நெருங்கினால் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் கடைக்குக் கடை புதுக் குத்துவிளக்குகள் மினுக்கும். பிரிக்பீல்ட்ஸிலும் அப்படித்தான். எனக்கு அவற்றின்மேல் ஆசை வருவதில்லை. கறுத்துக் கிடக்கும் பழைய பித்தளையைத்தான் கை தேடும். அதற்கு வார இறுதியில் பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மால் சந்தைக்குப் போக வேண்டும்.

அங்கே எந்தச் சொம்பை எடுத்தாலும் 'ரஜுலா கப்பல்ல வந்தது சார்' என்பார்கள். நாகப்பட்டினத்திலிருந்து போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு ஆள் ஏற்றிவந்த ரஜுலா எழுபதுகளின் தொடக்கத்திலேயே ஓய்ந்துவிட்டது. இவர்கள் சொல்வதையெல்லாம் நம்பினால் அதில் மனிதர்களுக்கு இடமே இருந்திருக்காது.

கதையை விட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கவிழ்க்க வேண்டும். புளியும் சாம்பலும் எட்டாத அடிப்பாகம் பொய் சொல்லாது. சட்டைப்பையில் ஒரு காந்தம் வைத்திருப்பேன். முலாம் பூசிய இரும்பு உடனே காட்டிக்கொடுத்துவிடும். விளக்கென்றால் திருகிக் கழற்றிப் பார்ப்பேன். பீடம் ஒரு விளக்கினுடையது, தண்டு இன்னொன்றினுடையது என்றால் மரை சரியாக உட்காராமல் ஆடும். அங்கங்கே செம்பு நிறத்தில் திட்டுகள் தெரிந்தால், துத்தநாகம் அரித்துப்போய்ச் செம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். அதை எவ்வளவு தேய்த்தாலும் மஞ்சள் திரும்பாது.

குடத்தில் நான் அதிக நேரம் செலவிடுவது கழுத்தில். நசுங்கல் இருந்தால் பரவாயில்லை, தட்டி எடுத்துக்கொள்ளலாம். மயிரிழை விரிசல்தான் ஆபத்து. இந்த நோயைப் பெரிய அளவில் காட்டிக்கொடுத்தவை துப்பாக்கித் தோட்டாக்கள். இந்தியாவில் பிரிட்டிஷ் படை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, காற்றின் ஈரம், இழுத்து வடித்தபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட விறைப்பு மூன்றும் சேர்ந்த வேலை அது என்று 1921இல்தான் தெளிவானது. தட்டி வளைத்த குடத்தின் கழுத்திலும் அதே விறைப்பு இருக்கும். பக்குவமாகச் சூடுகாட்டி ஆற்றியிருந்தால்தான் தளரும். நம் ஊர் ஈரத்தைச் சொல்லவே வேண்டாம். மினுக்கும் திரவங்கள் சிலவற்றில் அம்மோனியாவும் உண்டு.

ஒருமுறை ஏமாந்தேன். ஈயப்பற்று வைத்து மினுக்கிய குடம். இரண்டே வாரத்தில் கழுத்தோரம் நீர் கசிந்தது. அன்றுமுதல் நகத்தால் கழுத்தைச் சுற்றி வருடிப் பார்க்காமல் வாங்குவதில்லை. பிறகு விரல்முட்டியால் ஒரு தட்டு. வெண்கலம்போல் நீண்டு பாடாவிட்டாலும், நல்ல பித்தளை ஒரு வார்த்தை கணீரென்று சொல்லும். விரிசல் விட்டது 'டொக்' என்று வாயை மூடிக்கொள்ளும்.

போன மாதம் ஒரு சொம்பு எல்லாத் தேர்விலும் தேறியது. விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக யாரோ பேர் வெட்டியிருந்தார்கள், 'ரா' என்ற எழுத்து கோணலாக. விற்ற அம்மா அதைக் குறை என்று நினைத்து, "பேர் இருக்கு தம்பி, அஞ்சு வெள்ளி கொறைச்சுக் குடுங்க" என்றார். வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.