கூலியும் கைவிசேடமும்: பிள்ளைகளின் கைக்குக் காசு வரும் வழிகள்

வீட்டு வேலை செய்யும் பிள்ளைகளுக்குக் காசு கொடுத்து, அந்தக் காசைக் கொண்டே அவர்களுக்குப் பண நிர்வாகத்தைப் பழக்கும் முறை, மேலை நாடுகளில் பிள்ளைகள் ஆலைகளை விட்டுப் பள்ளிக்குள் வந்த பிறகு வேரூன்றியது. 1870-க்கும் 1930-க்கும் இடைப்பட்ட காலத்தில் அமெரிக்காவில் பிள்ளை என்பவர் குடும்பத்துக்குச் சம்பாதித்துத் தருபவர் என்ற நிலை மாறி, விலை மதிக்க முடியாத செல்வம் என்ற நிலை வந்ததைச் சமூகவியலாளர் விவியானா செலிசர் 1985-இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். சம்பாத்தியம் நின்றுபோன பிள்ளைக்குக் காசு எந்த வழியாக வர வேண்டும் என்ற கேள்வியும் அந்த மாற்றத்தோடுதான் எழுந்தது. தமிழகத்தில் ஆத்தூரை உள்ளடக்கிய சேலம், நாமக்கல் சமவெளியிலும் இலங்கையிலும் இக்கேள்வி வேறு வரலாற்றின் வழியே வந்திருக்கிறது. இரண்டு இடங்களிலும் வீட்டு வேலைக்குக் காசு கொடுப்பதைப் பெற்றோர் பெரும்பாலும் விரும்புவதில்லை. ஆனால் இரண்டு இடங்களிலும் காசு ஏதோ ஒரு வழியில் பிள்ளையின் கைக்கு வரத்தான் செய்கிறது. வந்த காசின் மேல் பிள்ளைக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது என்பதில்தான் இரு நாட்டு வழக்கங்களும் பிரிகின்றன.

வசிட்ட நதிக்கரையிலுள்ள ஆத்தூரைச் சுற்றி, குச்சிக்கிழங்கு என்று வட்டாரத்தில் வழங்கும் மரவள்ளியும் நிலக்கடலையும் பருத்தியும் விளைகின்றன. கிழங்கை அரைத்து ஜவ்வரிசி ஆக்கும் சேகோ ஆலைகள் இங்கு மிகுதி, அவற்றின் சரக்கை விற்றுத் தருவதற்கென்றே சேகோசர்வ் என்னும் கூட்டுறவு அமைப்பு 1981-இல் சேலத்தில் உருவானது. இத்தகைய ஊரில் வேலைக்கு விலை உண்டு என்பதைப் பிள்ளைகள் மிகச் சிறு வயதிலேயே அறிந்துகொள்கிறார்கள். கடலைக்காய் உடைக்கும் வேலைக்கு, உடைத்த பருப்பை அளந்து அளவுக்கேற்பக் கூலி தருவது நெடுநாளைய வழக்கம். தாயின் பக்கத்தில் அமர்ந்து உடைக்கும் பிள்ளையின் பருப்பும் தாயின் முறத்திலேயே விழுகிறது. அளவு கூடுகிறது, கூலியும் கூடுகிறது, அதில் பிள்ளையின் பங்கு எவ்வளவு என்று எவரும் பிரித்துப் பார்ப்பதில்லை. கைத்தறி வீடுகளிலும் இதே கணக்குதான். தார் சுற்றுதல், அதாவது ஊடை நூலை நாடாவுக்குள் பொருந்தும் சிறு குழலில் சுற்றித் தருதல், முதியவர்களும் பிள்ளைகளும் செய்துவந்த வேலை. ஒரு சேலைக்கு இவ்வளவு என்று நெசவாளர் பெறும் கூலிக்குள் தார் சுற்றிய கைகளின் உழைப்பும் அடங்கிவிடுவதால், அந்த உழைப்புக்குத் தனியே ஒரு பெயரோ தொகையோ எழுதப்படுவதில்லை.

கோடையின் முடிவில் வேப்பம்பழம் உதிரத் தொடங்கியதும் நிலைமை சற்று மாறுகிறது. சாலையோரத்திலும் தோட்டத்து ஓரத்திலும் உதிர்ந்த வேப்பங்கொட்டையைப் பொறுக்கி, கழுவிக் காயவைத்து, கடையில் எடைக்குப் போட்டுக் காசு வாங்குவது தமிழகக் கிராமத்துப் பிள்ளைகள் பலருக்கு முதல் சம்பாத்தியம். மரம் யாருடையது என்ற கேள்வி பெரும்பாலும் எழாத இந்தச் சிறு வணிகத்தில், கடைக்காரர் தராசில் நிறுத்துச் சொல்லும் விலையைக் கேட்டு, ஈரம் இருந்தால் விலை குறையும் என்பதை அனுபவத்தில் அறிந்து, கிடைத்த காசில் எதை வாங்குவது, எதை வைத்துக்கொள்வது என்று பிள்ளையே முடிவு செய்கிறது. பண நிர்வாகம் என்று நூல்கள் விரித்துரைக்கும் பாடத்தின் பெரும்பகுதி இந்த ஒரு பருவத்துக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுவது கவனிக்கத் தக்கது.

வாசல் கூட்டுவது, தண்ணீர் எடுப்பது, பாத்திரம் தேய்ப்பது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது ஆகியவற்றுக்குக் காசு கொடுக்கும் பேச்சு எழுந்தால், பெற்ற பிள்ளைக்குக் கூலியா என்ற மறுப்பு உடனே வருகிறது. கூலி என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றை நினைத்தால் இந்த மறுப்பு வெறும் பழமைப் பிடிப்பு அன்று என்பது விளங்கும். பெற்றோர் முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தங்கள் செல்லாது என்று 1933-ஆம் ஆண்டின் பிள்ளைகள் உழைப்பு அடகுச் சட்டம் அறிவித்த பின்னும், சேலத்து வெள்ளிப் பட்டறைகள் போன்ற இடங்களில் அவ்வழக்கம் 20-ஆம் நூற்றாண்டின் இறுதி வரை நீடித்தது. அங்கே பிள்ளை உழைத்தது, காசை வாங்கியவர் தந்தை, கணக்கை வைத்திருந்தவர் முதலாளி. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடை செய்தாலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் உதவுவதை அனுமதிக்கிறது. தறி வீட்டிலும் கடலை முறத்தின் அருகிலும் உதவி எங்கே முடிந்து வேலை எங்கே தொடங்குகிறது என்பதை அந்த விதி வீட்டாரின் மனச்சாட்சிக்கே விட்டுவிட்டது.

இலங்கையின் மலையகத்தில் இந்த வரலாறு இன்னும் கூர்மையாகப் பதிவாகியுள்ளது. ஆத்தூர் வாசகருக்கு அது அயலார் கதையும் அன்று. பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குத் தொழிலாளரைப் பெருமளவில் அனுப்பிய மாவட்டங்களில் திருச்சிராப்பள்ளியோடு சேலமும் முன்வரிசையில் இருந்தது. 1927-ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் கட்டளைச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட குறைந்தபட்சக் கூலியில் ஆணுக்கு ஒரு விகிதம், பெண்ணுக்கு அதனினும் குறைந்த விகிதம், பிள்ளைக்கு அதனினும் குறைந்த விகிதம் என்று மூன்று அடுக்குகள் இருந்தன. பிள்ளையின் உழைப்புக்கு அரசே விலை குறித்திருந்தது. ஆயினும் செக்ரோல் எனப்படும் வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறிய பிள்ளைக்கு அந்தக் கூலியைத் தானே செலவிடும் உரிமை கிடைக்கவில்லை, அது குடும்பக் கடனிலும் அரிசிக் கணக்கிலும் கரைந்தது. மாதச் சம்பளத்தில் சேராமல், பறித்த கொழுந்தின் எடைக்கு உடனுக்குடன் கையில் தரப்படும் பணத்துக்குத் தோட்டங்களில் கைக்காசு என்று பெயர். உழைத்தவரின் கையில் நேரே விழும் காசுக்குத் தனியாக ஒரு சொல் தேவைப்பட்டது என்பதே, மற்றக் காசு எதுவும் அப்படி விழவில்லை என்பதற்குச் சான்று. இலங்கையில் வேலைக்கு அமர்த்துவதற்கான குறைந்தபட்ச வயது 2021-இல் 14-இலிருந்து 16-ஆக உயர்த்தப்பட்டது.

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் குடும்பங்களில், பள்ளிக்குப் போகும் முன் வாய்க்காலில் தண்ணீர் மாற்றிவிடுவதும், வெங்காயத்துக்குக் களை பிடுங்குவதும் பிள்ளைகளின் பங்கு. இவற்றுக்கும் காசு கிடையாது. இலங்கைத் தமிழரின் வழக்கில் பிள்ளைக்குக் காசு வரும் சிறப்பான வழி சித்திரைப் புத்தாண்டில் திறக்கிறது. அன்று பஞ்சாங்கம் குறித்துத் தரும் நல்ல நேரத்தில், பெரியவர்கள் வெற்றிலை, நெல், பூ ஆகியவற்றோடு சேர்த்துப் பிள்ளைகளுக்கு வழங்கும் பணம் கைவிசேடம் எனப்படும். இதற்கு ஈடாகப் பொங்கலிலும் தீபாவளியிலும் பெரியவர்களின் காலில் விழுந்து காசு பெறுவது தமிழகத்தில் உண்டென்றாலும், அதற்கு நேரம் குறிக்கப்படுவதில்லை, அதை ஒரு சடங்காக எவரும் எண்ணுவதுமில்லை. கைவிசேடமோ அந்த ஆண்டின் கொடுக்கல் வாங்கலுக்கே தொடக்கம். சிங்களவரும் இதே நாளைப் புத்தாண்டாகக் கொண்டாடுவதால், புத்தாண்டுக் கொடுக்கல் வாங்கலுக்கென்று வங்கிகள் தனி ஏற்பாடு செய்து, பிள்ளைகளின் கணக்கில் அப்பணத்தை ஏற்றுக்கொள்கின்றன.

வங்கி என்ற இடத்தில் இரு நாடுகளும் மிகத் தெளிவாக வேறுபடுகின்றன. 1832-இல் தோன்றிய இலங்கைச் சேமிப்பு வங்கியையும் 1885-இல் தொடங்கிய அஞ்சலகச் சேமிப்பு வங்கியையும் பிற சேமிப்பு அமைப்புகளையும் இணைத்து 1972-இல் உருவான தேசிய சேமிப்பு வங்கி, பள்ளிகளுக்குள்ளேயே மாணவர் சேமிப்பு அலகுகளை நடத்துகிறது. ஹபன், ரண் கெக்குளு என வங்கிகள் நடத்தும் சிறுவர் கணக்குகளின் பெயர் தெரியாத இலங்கைப் பிள்ளையைக் காண்பது அரிது. தொகை கூடக் கூடப் பரிசு உண்டு, ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் தேர்வில் வென்றால் சன்மானமும் உண்டு. இத்தனை ஊக்கத்துக்குப் பின்னும், பல வங்கிகளின் சிறுவர் கணக்குகளில் போட்ட பணத்தை, கல்வி, மருத்துவம் போன்ற தேவைகளைத் தவிர, 18 வயது வரை எடுக்க முடியாது. ஆகவே பிள்ளை போடக் கற்கிறது, எடுக்கக் கற்பதில்லை. 2022-ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், செப்டம்பர் மாதப் பணவீக்கம் ஏறத்தாழ 70 விழுக்காட்டைத் தொட்டபோது, பூட்டிவைத்த கைவிசேடக் காசின் வாங்கும் திறன் தேய்ந்ததைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர அந்தப் பிள்ளைகளுக்கு வேறு வழி இருக்கவில்லை. குற்றமற்ற ஒரு பழக்கத்துக்குக் கிடைத்த கொடிய தண்டனை அது.

தமிழகத்தில் 1970-களில் பரவிய சஞ்சாயிகா என்னும் பள்ளிச் சேமிப்புத் திட்டம் அளவில் சிறியது. பரிசுகளும் விளம்பரமும் அதற்கு இல்லை. ஆனால் அதில் மாணவர்களே எழுத்தராகவும் காசாளராகவும் அமர்ந்து, ஆசிரியரின் மேற்பார்வையில் சக மாணவர்களின் சில்லறையை எண்ணி, புத்தகத்தில் பதிந்தார்கள். அத்திட்டம் மங்கிப்போனது பெரிய இழப்பு. அதன் இடத்தை நிரப்பும் வாய்ப்பு வேறொரு வடிவில் இப்போது இருக்கிறது: 10 வயது நிறைந்த பிள்ளை தன் பெயரில் சேமிப்புக் கணக்கைத் திறந்து, பணத்தைப் போட்டு எடுக்கும் வேலையைத் தானே செய்யலாம் என்று ரிசர்வ் வங்கி 2014-இல் வங்கிகளுக்கு அனுமதி அளித்தது, அஞ்சலகங்களிலும் 10 வயதுப் பிள்ளை தன் பெயரிலேயே கணக்குத் தொடங்கலாம். இவ்வுரிமையை அறிந்து பயன்படுத்தும் வீடுகள் குறைவு. 2015-இல் வந்த செல்வமகள் சேமிப்புத் திட்டத்தைப் பற்றி ஊரெங்கும் பேசப்படுகிறது. அதுவோ மகளின் படிப்புக்கும் மணத்துக்குமாகப் பெற்றோர் சேர்க்கும் நீண்டகால வைப்பு, மகள் காசைக் கையாளப் பழகும் இடம் அன்று.

வேலை செய்து காசு பெறும் முறையை இரு நாடுகளும் வெளிப்படையாக ஏற்ற ஓர் இடம் சாரணர் இயக்கம். 1949-இல் பிரித்தானியச் சாரணர்கள் வீடு வீடாகச் சென்று சிறு வேலைகள் செய்து ஒரு ஷில்லிங் பெறும் வாரத்தைத் தொடங்கினார்கள். 1912-இலேயே மாத்தளையில் சாரணர் அணி கண்ட இலங்கையில் அது சாரணர் வேலை வாரமாக ஆண்டுதோறும் நடந்துவருகிறது. பாரத சாரணர் இயக்கத்தில் அதே பயிற்சிக்கு, நேர்மையாக உழைத்து ஈட்டியது என்று பொருள்படும் கரீ கமாயீ என்ற இந்திப் பெயர் வழங்குகிறது. வண்டி கழுவவும் தோட்டம் துப்புரவு செய்யவும் முன்வரும் சாரணச் சிறுவனுக்குக் காசு கொடுக்கத் தயங்காத பெற்றோர், அதே சிறுவன் தம் வீட்டில் அதே வேலையைச் செய்தால் காசு தரக் கூசுவது முரண்பாடு போலத் தோன்றும். அக்காசு இயக்கத்தின் செலவுக்குப் போவதால் அங்கே கூலி என்ற சொல்லின் வடு படுவதில்லை என்பதே அதற்குக் காரணமாக இருக்கலாம்.

வீட்டு வேலைக்குக் காசு தர மறுப்பதற்கு வேறொரு நியாயமும் உண்டு. ஓவியம் வரைவதில் தானாக ஆர்வம் காட்டிய பாலர் பள்ளிக் குழந்தைகளுக்குப் பரிசு தருவதாகச் சொல்லி வரையச் செய்தபோது, பின்னர் அவர்கள் வரைவதில் காட்டிய ஆர்வம் குறைந்ததை உளவியலாளர் மார்க் லெப்பர் குழுவினர் 1973-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தட்டைக் கழுவுவதற்கும் பாட்டிக்குத் தண்ணீர் கொடுப்பதற்கும் விலை வைத்தால் என்ன நேரும் என்பதை ஆத்தூர்த் தாயும் யாழ்ப்பாணத்துத் தாயும் இந்த ஆய்வைப் படிக்காமலேயே உணர்ந்திருக்கிறார்கள். அவர்களின் மறுப்பு இந்த அளவில் சரியானது. ஆனால் அந்த மறுப்பின் நிழலில் ஓர் அநீதி வளர்வதைச் சொல்லாமல் விட முடியாது. கடைக்குப் போய்வரும் மகனுக்கு மீதிச் சில்லறையை வைத்துக்கொள்ளச் சொல்வது இரு நாட்டிலும் சாதாரணம்; வீட்டுக்குள்ளே பாத்திரம் தேய்க்கும் மகளின் வேலையில் சில்லறை மிஞ்ச வழியே இல்லை. கூலி இல்லை என்ற கொள்கை உள்ள வீட்டில் மகன் மட்டும் காசைக் கையாளப் பழகி வளர்வதும், மகள் திருமணத்துக்குப் பின்னும் பிறர் கையை எதிர்பார்த்து நிற்பதும் இப்படித்தான் தொடங்குகின்றன.

வெளியாள் வந்து செய்தால் கூலி கொடுத்தே தீர வேண்டிய வேலையும், வீட்டில் வாழ்வதாலேயே எல்லாருக்கும் பங்கான வேலையும் வேறு வேறு. இரண்டாவதற்கு மகன் மகள் என்ற வேறுபாடின்றிக் காசில்லாமலும், முதலாவதற்கு வெளியாளுக்குரிய அதே விகிதத்திலும் கணக்கு வைத்தால், கூலி என்ற சொல்லின் பழைய வடுவும் படாது, பிள்ளையின் உழைப்பும் மறையாது. ஆத்தூரில் இதற்குப் புதிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை: விடுமுறையில் பிள்ளை தானாக விரும்பி உடைத்த கடலைப்பருப்பைத் தாயின் முறத்தில் கொட்டும் முன் ஒரு முறை தனியே அளந்து, மொத்தக் கூலி வரும்போது அந்த அளவுக்குரிய காசைப் பிள்ளையின் கையில் எண்ணிக் கொடுத்து, 10 வயது ஆனதும் அஞ்சலகத்துக்கு அழைத்துச் சென்று, எடுப்புச் சீட்டில் பிள்ளையையே கையெழுத்திடச் செய்தால் போதும்.