சங்கத்தின் செய்தி மடல்

மணவாள நகர் போன்ற ரயிலடிக் குடியிருப்புகளில் ரோட்டரி சேவைச் சங்கத்தார் அச்சிட்டு வழங்கும் சிறு செய்தி மடலின்பால் எனக்கு நெடுங்காலப் பிரியம் உண்டு. இரத்த தான முகாமின் அறிவிப்புக்கு அருகிலேயே அங்கத்தினர் ஒருவரின் மணநாள் வாழ்த்தும், இன்னொருவர் இல்லத்துத் துக்கமும் பேதமின்றி அமர்ந்திருப்பதே அதன் தனி அழகு. 1905-இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் தொடங்கி, 1929-இல் சென்னையில் வேரூன்றிய ரோட்டரி இயக்கம், 1985-இல் போலியோ எனும் இளம்பிள்ளை வாதத்தை உலகினின்றே ஒழிக்கச் சங்கற்பம் பூண்டதே, அந்த மகத்தான காரியமுங்கூட, சொட்டு மருந்து தினத்தன்று யார் எந்த முகாமில் எத்தனை மணிக்கு நிற்பது என்ற ஆடம்பரமற்ற வரியாகத்தான் உள்ளூர்ச் சங்கத்தாரை வந்தடையும். 2014 மார்ச் 27 அன்று தென்கிழக்கு ஆசியப் பிராந்தியம் முழுவதும், அதனுள் நம் தேசமும், போலியோ அற்றதென்று சான்று பெற்றது.