இடுப்புவாரில் தொடங்கும் போட்டி
செயல்முறைக் கைத்துப்பாக்கிச் சுடுதல்: மரபுகளும் அளவுகோல்களும்

பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024-ஆம் ஆண்டு மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றபோது கைத்துப்பாக்கிப் போட்டி எப்படி இருக்கும் என்று நம் ஊர் வீடுகளிலும் டி.வி.யில் பார்த்தோம். நின்ற இடம் மாறாது. ஒற்றைக் கை நீளும். பத்து மீட்டர் தள்ளி ஒரே ஓர் இலக்கு. துப்பாக்கியை எதிரில் உள்ள மேசையிலிருந்து எடுத்து, சுட்டதும் மேசையிலேயே வைத்துவிடுவார்கள். உறைக்கும் இடுப்புவாருக்கும் அங்கே வேலை கிடையாது.

உலகில் இன்னொரு மரபும் உண்டு. பிராக்டிகல் ஷூட்டிங் என்பார்கள். அதில் துப்பாக்கி இடுப்பில், உறைக்குள் இருக்கும். டைமர் ஒலித்ததும் உருவ வேண்டும், ஓட வேண்டும், தடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிச் சுட வேண்டும், அட்டையையும் இரும்புத் தகடுகளையும் மாறி மாறி அடிக்க வேண்டும், போகிற போக்கில் மேகசின் மாற்ற வேண்டும். எந்த இலக்கை முதலில் சுடுவது, எங்கே நிற்பது என்பதையெல்லாம் பெரும்பாலும் சுடுகிறவரே தீர்மானித்துக்கொள்ளலாம். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தோலை நம்பி வாழும் ஊர்களின் மலரில் இதை எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. இந்த விளையாட்டு உருவானதில் துப்பாக்கி செய்தவருக்கு இருக்கும் பங்கு உறை தைத்தவருக்கும் இருக்கிறது.

1950-களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவின் பிக் பேர் ஏரிப் பகுதியில் ஜெஃப் கூப்பர் என்ற முன்னாள் மரைன் படை அதிகாரி சில போட்டிகளை நடத்தினார். 'லெதர் ஸ்லாப்' என்று அவற்றுக்குப் பெயர். கௌபாய் படங்களின் மோகம் உச்சத்தில் இருந்த காலம். ஏழு கஜ தூரத்தில் பலூன் கட்டியிருக்கும். சைகை கிடைத்ததும் உருவிச் சுட வேண்டும், முதலில் உடைத்தவருக்கு வெற்றி. வந்தவர்களில் பெரும்பாலோர் கையை இடுப்போடு வைத்தபடி, குறி பாராமல் சுட்டார்கள். உருவிய வேகம் பிரமாதமாக இருக்கும், பலூன் அப்படியே நிற்கும். லாஸ் ஏஞ்சலஸ் வட்டார ஷெரிஃப் துறையில் பணியாற்றிய ஜாக் வீவர் மட்டும் ரிவால்வரை இரண்டு கைகளாலும் பிடித்து, கண் மட்டத்துக்குத் தூக்கி, குறிமுனையைப் பார்த்துச் சுட்டார். மற்றவர்களைவிட ஒரு நொடித்துளி தாமதம்தான், ஆனால் பலூன் உடைந்தது. 1959-இல் வென்றவர் அவரே. கூப்பர் அதைப் பார்த்துத் தன் கருத்தையே மாற்றிக்கொண்டார். இரண்டு கைப்பிடி, கண் மட்டம், பாயின்ட் 45 காலிபர் 1911 ரகப் பிஸ்டல் என்று ஒரு பாடத்திட்டமே அவரிடமிருந்து பிறந்தது. 1976-இல் அரிசோனாவில் 'கன்சைட்' பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அதே ஆண்டு மே மாதம் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் பல நாட்டினர் கூடி சர்வதேசச் செயல்முறைச் சுடுதல் கூட்டமைப்பை, அதாவது ஐ.பி.எஸ்.சி.யை, நிறுவி அவரையே முதல் தலைவராக்கினார்கள். 'துல்லியம், வலிமை, வேகம்' என்று பொருள்படும் மூன்று லத்தீன் சொற்கள் அதன் முழக்கமாயின.

மூன்றும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை. துல்லியம் வேண்டுமென்றால் நேரம் பிடிக்கும். வலிமையான தோட்டா உதைக்கும், உதைத்த துப்பாக்கி மறுபடி குறிக்கு இறங்குவதற்குள் வேகம் போய்விடும். இந்த மூன்றையும் ஒரே எண்ணில் அடக்கியதுதான் இந்த மரபின் பெரிய சாதனை என்று நினைக்கிறேன். அந்தக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

அட்டை இலக்கில் ஏ, சி, டி என்று மூன்று பகுதிகள். ஏ பகுதியில் பட்டால் யாருக்கும் 5 புள்ளி. மற்ற இரண்டிலும் தோட்டாவின் வலிமை குறுக்கே வரும். குண்டின் எடையைக் கிரெய்ன் கணக்கிலும் வேகத்தை வினாடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்துக்கொண்டு, இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் கிடைப்பது பவர் ஃபேக்டர். 124 கிரெய்ன் எடையுள்ள 9 மி.மீ. குண்டு 1050 அடி வேகத்தில் போனால் 130.2. குறைந்தபட்சம் 125 இருந்தால்தான் போட்டிக்குள்ளேயே நுழைய முடியும், அது 'மைனர்'. 230 கிரெய்ன் எடையுள்ள பாயின்ட் 45 குண்டு 750 அடி வேகத்தில் போனால் 172.5. துப்பாக்கியின் வகையைப் பொறுத்துப் போட்டியில் பல பிரிவுகள் உண்டு, அவற்றில் ஸ்டாண்டர்டு பிரிவில் 170-ஐத் தொட்டால் 'மேஜர்'. மேஜர்காரருக்கு சி பகுதியில் 4, டி பகுதியில் 2. மைனர்காரருக்கு 3, 1. வலுவான தோட்டாவின் உதையைத் தாங்கிக்கொள்கிறவருக்கு ஓரத்தில் பட்ட குண்டுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு, மையத்தில் பட்டதற்கு எந்தச் சலுகையும் இல்லை.

வாங்கிய புள்ளியை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்தால் 'ஹிட் ஃபேக்டர்'. பன்னிரண்டு குண்டுச் சுற்று ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒருவர் நிதானமாகப் பன்னிரண்டையும் ஏ பகுதியில் போட்டு 60 புள்ளி வாங்குகிறார், பத்து வினாடி ஆகிறது. அவர் கணக்கு 6.00. இன்னொருவர் மைனர் தோட்டாவில் எட்டு ஏ, நான்கு சி போட்டு 52 புள்ளிதான் வாங்குகிறார், ஆனால் ஏழு வினாடியில் முடித்துவிடுகிறார். 7.43. இவரே முன்னால். இதே ஆள் அந்த நான்கு சி-யில் ஒன்றைக் கோட்டைவிட்டிருந்தால்? அந்தக் குண்டுக்குப் புள்ளி இல்லை, தவறுக்குக் கழிவு 10. மிஞ்சுவது 39, ஏழால் வகுத்தால் 5.57. நிதானமாகச் சுட்டவர் முந்திவிட்டார். சுடக் கூடாத இலக்கு என்று சில அட்டைகளை வேண்டுமென்றே நடுவில் நிறுத்தியிருப்பார்கள், அதில் பட்டாலும் கழிவு 10. ஆக, அவசரத்துக்கு லாபம் உண்டு, அவசரத்தில் தவறவிட்டால் அந்த லாபத்தையும் மிஞ்சிய நஷ்டம். ஒரு சுற்றில் முதலில் வந்தவருக்கு முழுப் புள்ளி, மற்றவர்களுக்கு அவரோடு ஒப்பிட்ட விகிதப்படி. அதனால் எதிராளி எப்படிச் சுட்டார் என்பதும் உங்கள் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

இத்தனைக்கும் மேலே ஒரு கண்டிப்பு உண்டு. துப்பாக்கி முனை பின்பக்கமாகத் திரும்பினால், துப்பாக்கி கை நழுவிக் கீழே விழுந்தால், நினையாமல் ஒரு குண்டு வெடித்தால், அன்றைய போட்டி அவருக்கு அத்தோடு முடிந்தது. உலகச் சாம்பியனாக இருந்தாலும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இந்த விளையாட்டின் மேல் எனக்கு மதிப்பு வந்ததே இந்த விதியால்தான்.

மரபுக்குள் கிளைகள் வந்தன. வீவரின் நிலையில் உடல் சற்றுத் திரும்பியிருக்கும், ஒரு கை தள்ளும், மறு கை இழுக்கும். 1980-களில் ராப் லேதம், பிரையன் ஈனோஸ் இருவரும் உடலை இலக்குக்கு நேராக நிறுத்தி, இரு கைகளையும் சமமாக நீட்டிச் சுட்டார்கள். ஓடும்போதும் திரும்பும்போதும் அது வசதி என்று தெரிந்தபின் போட்டியாளர்கள் அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டார்கள்.

கணக்கு முறையிலும் வெவ்வேறு பள்ளிகள். 1981-இல் தொடங்கிய ஸ்டீல் சாலஞ்சில் புள்ளியே கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் ஐந்து இரும்புத் தகடுகள், நேரம் மட்டும்தான் கணக்கு. 1996-இல் வந்த ஐ.டி.பி.ஏ. (சர்வதேசத் தற்காப்புப் பிஸ்டல் சங்கம்) என்பது, பந்தயத்துக்கென்றே செய்த கருவிகள் பெருகியதைப் பொறுக்காதவர்களின் அமைப்பு. அங்கே துப்பாக்கி சட்டைக்கு உள்ளே மறைந்திருக்க வேண்டும், மையம் தவறிய ஒவ்வொரு புள்ளிக்கும் நேரத்தைக் கூட்டிவிடுவார்கள்.

நம் தொழில்காரர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது பியாங்கி கோப்பை. ஜான் பியாங்கி போலீஸ் வேலையில் இருந்துகொண்டே உறை தைக்கத் தொடங்கி, பிறகு அதையே பெருந்தொழிலாக வளர்த்தவர். 1979-இல் அவர் தொடங்கிய போட்டியில் நான்கு பிரிவுகள், 192 குண்டுகள், ஒவ்வொன்றுக்கும் 10, மொத்தம் 1920. நேரத்தை முன்கூட்டியே வரையறுத்துவிடுவார்கள். அதற்குள் யார் துல்லியம் என்பதே கேள்வி. முதன்முதலில் 1920-க்கு 1920 எடுத்தவர் டக் கோனிக், 1990-இல். அதே ஆண்டு அடிலெய்டில் நடந்த ஐ.பி.எஸ்.சி. உலகப் போட்டியையும் அவரே வென்றார். ஓர் உறை வியாபாரி தன் பெயரில் நடத்திய போட்டி இந்த விளையாட்டின் மிகக் கடுமையான தேர்வுகளில் ஒன்றாக நிலைத்துவிட்டது.

இனி உறைக்கு வருவோம். உருவும் அசைவில் கை கைப்பிடியில் விழும் கணத்திலேயே பாதி முடிவாகிவிடுகிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே உள்ள வளைவு பிடியின் உச்சியில் போய் உட்கார வேண்டும். மூன்று விரல்கள் பிடியைச் சுற்ற வேண்டும், ஆள்காட்டிவிரல் உறைக்கு வெளியே நேராக நிற்க வேண்டும். பிடித்த பிடியைப் பிறகு திருத்த நேரமில்லை. தேர்ந்தவர்கள் உருவி முதல் குண்டைச் சுட ஒரு வினாடிதான் ஆகும். அந்த நொடியில் இடுப்புவார் தளர்வாக இருந்தால் துப்பாக்கியோடு உறையும் சேர்ந்து மேலே ஏறும். அதனால்தான் 38 மி.மீ. அகலத்தில், இரண்டு அடுக்குத் தோலை ஒட்டித் தைத்த விறைப்பான பெல்ட்டை அந்தக் காலத்தில் கட்டினார்கள். இன்று உள்ளே ஒரு பட்டி, அதன்மேல் ஒட்டிக்கொள்ளும் வெளிப்பட்டி என்று நைலானுக்கு மாறிவிட்டார்கள். உறைகளும் பிளாஸ்டிக்காகிவிட்டன. கருவிக்குக் கட்டுப்பாடு குறைந்த ஓப்பன் பிரிவில் பலரும் கட்டுவது உறை என்று சொல்லவே முடியாத ஓர் எலும்புக்கூடு. விசைக்காப்பை மட்டும் கவ்விக்கொண்டு துப்பாக்கியைத் தாங்கும். ஸ்டாண்டர்டு, கிளாசிக், புரொடக்‌ஷன் பிரிவுகளில் உறை இடுப்பெலும்புக்கு முன்னால் வரக் கூடாது. பிடியின் அடி பெல்ட்டின் மேல்விளிம்புக்குக் கீழே இறங்கக் கூடாது. சும்மா நிற்கும்போது குழல்முனை காலடியிலிருந்து ஒரு மீட்டருக்கு அப்பால் நோக்கக் கூடாது. தோல் உறைக்கு இன்னும் மரியாதை இருப்பது இந்தப் பிரிவுகளின் பக்கம்தான், எனக்கும் பிடித்தவை இவையே.

எந்தத் தோல் என்பது அடுத்த கேள்வி. ஆம்பூரில் இன்று ஓடுவது பெரும்பாலும் குரோம் தோல். ஷூ அப்பருக்கு 1.2, 1.4 மி.மீ. கனத்தில் மெத்தென்று இருக்க வேண்டும், அதற்கு அது கச்சிதம். உறைக்கு உதவாது. குரோம் தோல் வளைத்த வடிவில் நிற்காமல் பழையபடி தளர்ந்துவிடும், அதில் தங்கும் உப்புகள் ஈரக்காற்றில் எஃகைத் துருப்பிடிக்க வைக்கும். உறைக்கு வேண்டியது 3 முதல் 3.5 மி.மீ. கனமுள்ள பட்டைத் தோல். அதாவது நம் முன்னோர் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டு 'ஈஸ்ட் இந்தியா' என்ற பெயரில் கப்பலேற்றினார்களே, அந்த வகை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையைப் பரப்பினார். 1970-களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு அரசு வரம்பு கட்டியபின் இந்தப் பகுதியே முடித்த தோலுக்கும் ஷூவுக்கும் திரும்பியது. பட்டைத் தொட்டிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஈஸ்ட் இந்தியா தோலுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, ஆனால் அதை வைத்து என்ன செய்யலாம் என்ற யோசனை நம்மிடம் போதவில்லை.

உறை வார்ப்பதைப் பார்க்கக் கை துறுதுறுக்கும். வெட்டித் தைத்த பட்டைத் தோலை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, அதே அளவில் வார்த்த பொம்மைத் துப்பாக்கியை உள்ளே செருகுவார்கள். பிறகு மழுங்கிய எலும்புக் கருவியால் விசைக்காப்பைச் சுற்றியும் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியேறும் வாயைச் சுற்றியும் அழுத்தி அழுத்தி வடிவம் எடுப்பார்கள். அழுத்திய இடம் கறுத்துக்கொண்டே வரும். நிழலில்தான் உலர்த்த வேண்டும், வேலூர் வெயிலில் வைத்தால் தோல் சுருங்கி விறைத்து வெடிக்கும். பட்டைத் தோலிலும் அமிலம் உண்டு என்பதால் சுட்டு முடித்த துப்பாக்கியை உறையிலேயே நாள்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது.

நம் நாட்டில் இந்தப் போட்டியை முழுதாக ஆடுவது எளிதல்ல. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட காலிபர், சாதாரண உரிமத்தில் கிடைக்காது. பொதுமக்களுக்குக் கிடைக்கும் பாயின்ட் 32 பிஸ்டலில் 71 கிரெய்ன் குண்டு 900 அடி வேகத்தில் போகிறது என்று வைத்தால் பவர் ஃபேக்டர் 64-ஐத் தொடாது. 125 எங்கே, 64 எங்கே! ஆகவே தமிழகத்துப் பிஸ்டல்காரர்கள் ஆடுவது தேசிய ரைஃபிள் சங்கத்தின் பிரிவுகளை. 2022-இல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் நடிகர் அஜித்குமார் கலந்துகொண்டபின் அவற்றின் பெயராவது ஊருக்குத் தெரிந்தது. அவற்றில் 25 மீட்டர் சென்டர் ஃபயர் செயல்முறைச் சுடுதல் மரபுக்கு நெருங்கிய உறவு. இரண்டாம் பாதியில் இலக்கு மூன்று வினாடி தெரியும், ஏழு வினாடி மறையும். தாழ்த்திய கையை ஒவ்வொரு முறையும் உயர்த்தி ஒரே குண்டு சுட வேண்டும். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா 600-க்கு 590 எடுத்து உலகச் சாதனையைச் சமன் செய்தது இதில்தான்.

9 மி.மீ. பிஸ்டலை இடுப்பில் தினமும் கட்டுகிறவர்கள் சீருடைக்காரர்கள். ஈஷாப்பூர் தொழிற்சாலையின் 9 மி.மீ. ஆட்டோ பிஸ்டல் அவர்கள் கையில் இருக்கிறது. அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் பயிற்சி மையம் இருக்கிறது. ஆம்பூரிலிருந்து காலையில் புறப்பட்டால் மதியத்துக்குள் போய்ச் சேரலாம். அவர்களுக்கு நல்ல உறை தைத்துக் கொடுப்பதற்கு உலகச் சாம்பியன் யாரும் நம் ஊரில் பிறந்திருக்கத் தேவையில்லை. தைத்த உறையைச் சோதிக்க மூன்று சோதனை போதும். காலித் துப்பாக்கியைச் செருகித் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கினாலும் விழக் கூடாது. செருகிய பின் விசையில் விரல் படவே வழி இருக்கக் கூடாது. உருவிய பின்பும் உறையின் வாய் திறந்தே நிற்க வேண்டும், அப்போதுதான் குனிந்து பாராமல் ஒரு கையால் திரும்பச் செருக முடியும். இதற்கு ஏற்ற பட்டைத் தோல் திண்டுக்கல், ஈரோடு, திருச்சிப் பக்கத்துத் தொட்டிகளில் இன்றும் இறங்குகிறது. வெட்டவும் சீவவும் தைக்கவும் தேர்ந்த கைகள் ஆம்பூரில் இருக்கின்றன.