இயந்திரத்தை விசாரித்து நிறுவுதல்

யூனிக்ஸ் ஒர்க்ஸ்டேஷன் ஒன்றில் அறிவியல் மென்பொருளை மூலநிரலிலிருந்து கட்டி நிறுவத் தொடங்கினால், திரையில் ஓடும் முதல் சில வரிகளுக்குள் ஒரு கேள்வி வரும். கட்டுமானச் சூழல் நல்ல நிலையில் இருக்கிறதா? கேட்ட வேகத்திலேயே பக்கத்தில் 'ஆம்' என்று விழும். அடுத்த வரி வந்துவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத வரி இது. அந்த ஒரு நொடியில் கன்ஃபிகர் என்னும் நிரல் புதிதாக ஒரு கோப்பை உருவாக்கி, அதன் நேர முத்திரையைத் தன்னுடையதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. சற்றுமுன் பிறந்த கோப்பு, எங்கோ எப்போதோ எழுதப்பட்டு இங்கே வந்திறங்கிய கோப்பைவிடப் பழையது என்று கணினி சொன்னால், அதன் கடிகாரம் தவறு. உடனே வேலை நின்றுவிடும். கடிகாரத்தைப் பார் என்று சொல்லிவிட்டுத்தான் நிற்கும்.

கடிகாரத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், அடுத்து வேலைக்கு வரப்போகிற மேக் என்ற நிரல் நேரத்தை நம்பியே வாழ்கிறது. பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் அதை எழுதினார். சக ஊழியரான ஸ்டீவ் ஜான்சன், சரியாக இருந்த ஒரு நிரலில் பிழை தேடி ஒரு காலைப் பொழுதையே வீணடித்துவிட்டு ஃபெல்ட்மனின் அறைக்குள் கோபமாக நுழைந்தார். பிழையை அவர் முன்பே திருத்திவிட்டிருந்தார். திருத்திய கோப்பைக் கம்பைல் செய்ய மறந்துவிட்டார். அந்த மறதியை ஒழிக்கப் பிறந்ததுதான் மேக். மூலக்கோப்பு அதிலிருந்து உருவான கோப்பைவிடப் புதியதாக இருந்தால் மறுபடி உருவாக்கு, இல்லாவிட்டால் தொடாதே. கருத்து இவ்வளவுதான். ஐந்நூறு கோப்புகளில் மூன்றை மட்டும் மாற்றினால் அந்த மூன்றையும் அவற்றைச் சார்ந்தவற்றையும் மட்டும் மேக் மறுபடி கட்டும். அரை நூற்றாண்டு ஆகியும் இதற்கு ஈடாக எளிமையான ஒரு யோசனை இந்தத் துறையில் வந்ததாக நான் நினைக்கவில்லை.

இந்தக் கலை வளர்ந்த காலத்தை நினைவில் கொள்ள வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் ஆய்வுக்கூட மேசைகளில் சன், சிலிக்கன் கிராஃபிக்ஸ், ஐபிஎம், எச்பி, டிஜிட்டல் ஆகிய நிறுவனங்களின் ஒர்க்ஸ்டேஷன்கள் இருந்தன. எல்லாமே யூனிக்ஸ் என்றுதான் பெயர். ஆனால் ஒன்றின் செயலி மற்றொன்றுக்கு அந்நியம். சன் ஸ்பார்க்கில் எண்ணின் பெரிய பைட் முதலில் வரும், டிஜிட்டலின் ஆல்ஃபாவில் சிறிய பைட் முதலில் வரும். சி மொழியின் 'லாங்' எண் அன்றைய ஸ்பார்க்கில் 4 பைட், ஆல்ஃபாவில் 8 பைட். நூலகத்தை எழுதியவர் தன் நிரல் எந்த இயந்திரத்தில் போய் இறங்கும் என்று அறிய வழியில்லை. அதனால் மூலநிரலோடு கேள்வி கேட்கும் வேலையையும் சேர்த்தே அனுப்பினார்.

கேள்வியை எப்படிக் கேட்பது என்பதில்தான் நயம் இருக்கிறது. 'நீ எந்த இயந்திரம்?' என்று பெயரைக் கேட்டு, பெயருக்கு ஏற்ற பட்டியலைப் புரட்டுவது பழைய முறை. பட்டியலில் இல்லாத இயந்திரம் வந்தால் அம்முறை கையை விரித்துவிடும். 1991-இல் டேவிட் மெக்கன்சி தொடங்கிய ஆட்டோகான்ஃப் வேறு வழியில் போயிற்று. பெயர் எதுவாகவும் இருக்கட்டும், உன்னால் இது முடியுமா என்று செய்துகாட்டச் சொல்லிக் கேட்டது. கன்ஃபிகர் ஓடும்போது நாலைந்து வரியில் குட்டி குட்டி சி நிரல்களை எழுதிக் கம்பைலரிடம் கொடுக்கிறது. கம்பைல் ஆனால் 'ஆம்', ஆகாவிட்டால் 'இல்லை'. அடுத்த கணமே அந்தக் குட்டி நிரலை அழித்துவிடுகிறது. நூற்றுக்கணக்கான கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை.

செய்துகாட்டச் சொல்வது ஏன் சிறந்தது என்பதற்குச் சன் நிறுவனத்தின் சொலாரிஸ் 2 நல்ல சாட்சி. அதில் சி கம்பைலரைத் தனியாக விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்தது. ஆனாலும் பழைய கட்டளைகள் இருக்கும் அடைவில் கம்பைலரின் பெயரில் ஒரு கோப்பு இருந்தது. அதை ஓட்டினால், மொழித் தொகுப்பு நிறுவப்படவில்லை என்று ஒரு வரி மட்டும் வரும். பெயரைப் பார்த்து நம்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சின்ன நிரலைக் கொடுத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். இந்த ஒரு கோப்பைப் பெயர் சொல்லி ஒதுக்கும் வரி ஆட்டோகான்ஃபுக்குள்ளேயே இடம்பெற்றிருக்கிறது.

ஃபோர்ட்ரானும் சியும் கலந்த மென்பொருளில் இன்னும் நுட்பமான ஒரு விசாரணை உண்டு. ஃபோர்ட்ரானில் எழுதிய துணைநிரலைச் சியிலிருந்து அழைக்கும்போது, கம்பைலர் அந்தப் பெயரை எப்படி மாற்றி வைத்திருக்கிறது என்று தெரிய வேண்டும். பலவற்றில் பெயரின் முடிவில் ஓர் அடிக்கோடு சேரும். ஐபிஎம்மின் ஏஐஎக்ஸில் சேராது. கிரே மீக்கணினியில் எல்லாம் பெரிய எழுத்தாகிவிடும். பெயரிலேயே அடிக்கோடு இருந்தால் சில கம்பைலர்கள் முடிவில் இரண்டு சேர்க்கும். கன்ஃபிகர் ஒரு ஃபோர்ட்ரான் துணைநிரலை எழுதிக் கம்பைல் செய்து, சாத்தியமான ஒவ்வொரு பெயரையும் சொல்லி அழைத்துப் பார்க்கிறது. எந்தப் பெயருக்கு இணைப்பு கிடைக்கிறதோ அதைக் குறித்துக்கொள்கிறது.

இந்த விசாரணை முழுவதும் கான்ஃபிக் லாக் என்ற கோப்பில் பதிவாகும். ரசனையுள்ளவர்கள் திரையை விட்டுவிட்டு இதைத்தான் படிப்பார்கள். கம்பைலரால் இயங்கு கோப்பை உருவாக்க முடியவில்லை என்று திரை சொல்லும், காரணம் சொல்லாது. கோப்பைத் திறந்தால் கம்பைலர் சொன்ன உண்மையான காரணம் இருக்கும், அதன் கீழே தோற்ற குட்டி நிரலும் இருக்கும். எங்கே நிறுவுவது என்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிர்வாகி உரிமை இல்லாதவர், நிறுவும் இடத்தைச் சொல்லும் முன்னொட்டைத் தன் வீட்டு அடைவுக்கு மாற்றிக்கொண்டால் போதும், யாருடைய அனுமதியும் தேவைப்படாது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். 1992 பிப்ரவரியில் வெளிவந்த லாபேக் என்னும் நேரியல் இயற்கணித நூலகம், நிறுவும்போது இயந்திரத்தின் கணக்குப் போடும் திறமையையே சோதித்தது. அதற்கென்று உள்ள துணைநிரலின் பெயர் டிலாம்ச். ஐஇஇஇ 754 என்ற மிதவைப் புள்ளித் தரம் 1985-இலேயே வந்துவிட்டது. ஆனாலும் கிரே, வாக்ஸ், ஐபிஎம் பெருங்கணினி எல்லாம் அப்போது தத்தம் வழியில் எண்களைச் சேமித்தன. எண் எத்தனை இலக்கம் வரை துல்லியம், அடிமானம் 2-ஆ 16-ஆ, விளிம்பில் எப்படி முழுமையாக்குகிறது? இவற்றைக் கையேட்டில் தேடாமல் இயந்திரத்தையே கணக்குப் போடவைத்துக் கண்டுபிடித்தது டிலாம்ச்.

அது போடவைக்கும் கணக்கு ஒரு குழந்தைக்கும் புரியும். 1-ஐ எடுத்துக்கொள். இரட்டிப்பாக்கு. அதனோடு 1-ஐக் கூட்டி, கூட்டுவதற்கு முன் இருந்த எண்ணைக் கழி. மீதி 1 வருகிறதா? வந்தால் மறுபடி இரட்டிப்பாக்கு. கணிதத்தில் இந்தச் சுழற்சிக்கு முடிவே இல்லை. இயந்திரத்தில் உண்டு. ஐஇஇஇ முறையின் இரட்டைத் துல்லிய எண்ணில் 2-இன் 53-ஆம் அடுக்கை, அதாவது 9,00,71,99,25,47,40,992-ஐ அடையும்போது, கூட்டிய 1 காணாமல் போய்விடும். மீதி 0. இயந்திரத்தின் துல்லியம் தீர்ந்துபோகும் எல்லை அதுதான். அங்கே நின்று 1-க்குப் பதில் 2, பிறகு 4 என்று கூட்டிப் பார்த்து, எப்போது எண் மாறுகிறது, எவ்வளவு மாறுகிறது என்று கவனித்தால் அடிமானமும் தெரிந்துவிடும். பதினாறு அடிமானத்தில் கணக்குப் போட்ட ஐபிஎம் இயந்திரமும் இந்தக் கேள்விக்கு 16 என்றே பதில் சொல்லும்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. புத்திசாலிக் கம்பைலர், ஒன்றைக் கூட்டிப் பழையதைக் கழித்தால் ஒன்றுதானே என்று தானாகவே சுருக்கிவிட்டால், சுழற்சி நிற்கவே நிற்காது. அதனால் இந்தக் கூட்டலைச் செய்வதற்கென்றே தனியாக ஒரு சிறு துணைநிரல் வைத்தார்கள், எண்கள் நினைவகத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும் என்பதற்காக. டிலாம்ச்சை உகப்பாக்கம் இல்லாமல் கம்பைல் செய்ய, அமைப்புக் கோப்பில் தனியாக ஒரு வரியும் உண்டு. நூலகம் முழுவதும் வேகத்துக்காகக் கட்டப்படுகிறது. இந்தக் கோப்பு நிதானத்துக்காக. அந்த வரியின் காரணம் அறிந்து நிறுவுபவரை நான் மனதார மதிக்கிறேன். லாபேக்கின் பிந்தைய பதிப்புகளில் ஃபோர்ட்ரான் 90 மொழியே இந்த விவரங்களைக் கொடுத்துவிடுவதால் பழைய டிலாம்ச் ஓய்வு பெற்றுவிட்டது.

துல்லியத்தை விசாரித்தது லாபேக் என்றால், வேகத்தை விசாரித்தது அட்லஸ். டென்னசி பல்கலைக்கழகத்தில் கிளின்ட் வேய்லியும் ஜாக் டோங்கராவும் உருவாக்கியது. அணிகளைப் பெருக்கும்போது அவற்றைச் சிறு கட்டங்களாக வெட்டிச் செயலியின் விரைவு நினைவகத்துக்குள் அடக்கினால் வேகம் பல மடங்காகும். எந்த அளவில் வெட்டுவது என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். அட்லஸ் பலவிதமாக வெட்டிப் பெருக்கி, ஒவ்வொன்றுக்கும் நேரம் பார்த்து, வென்றதை வைத்துக்கொள்ளும். மணிக்கணக்கில் ஓடும். மின்சாரத்தைச் சேமிக்கச் செயலி தன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி திறந்திருப்பதைக் கண்டால் நிறுவவே மறுத்துவிடும். ஓடும் வேகமே மாறிக்கொண்டிருந்தால் நேரம் பார்ப்பதில் பொருளில்லை அல்லவா? மிருதங்க வித்வான் ஒவ்வொரு கச்சேரிக்கும் தொப்பியில் புதிதாக ரவையைப் பிசைந்து ஒட்டி, தட்டிக் கேட்டு, கூட்டிக் குறைத்து நாதத்தைப் பிடிப்பது போன்ற வேலை இது. கசுஷிகே கோட்டோ தன் கையால் அசெம்பிளி மொழியில் எழுதிய நூலகமும், அதன் வழிவந்த ஓப்பன்பிளாஸும் பல செயலிகளில் அட்லஸை முந்திவிட்டன. வேகம்தான் வேண்டும் என்பவர் ஓப்பன்பிளாஸையே நிறுவ வேண்டும். நிறுவும் கலையாகப் பார்த்தால் அட்லஸின் இடம் உயர்ந்தது.

இதே வகையில் எஃப்எஃப்டிடபிள்யூ. எம்ஐடியில் மத்தேயோ ஃப்ரிகோவும் ஸ்டீவன் ஜான்சனும் உருவாக்கிய ஃபூரியே மாற்ற நூலகம். 1999-இல் வில்கின்சன் பரிசு பெற்றது. பெருமாற்றத்தைச் சிறு மாற்றங்களாகப் பிரிக்கப் பல வழிகள் உண்டு. எந்த வழி இந்த இயந்திரத்தில் விரைவு என்று அளந்து பார்த்துத் திட்டம் போடும். அளந்ததைக் கோப்பில் சேமித்து மறுமுறை பயன்படுத்தலாம்.

இத்தனைக்கும் பிறகு, பலரும் தாண்டிப் போகிற ஒரு படி இருக்கிறது: மேக் செக். கட்டி முடித்த நூலகம் சரியாகக் கணக்கிடுகிறதா என்று பார்ப்பது. நிறுவுதலின் உச்சம் இதுதான் என்பது என் முடிவு. லாபேக்கின் சோதனைகள் சாதாரண அணிகளோடு நிற்பதில்லை. முதல் நெடுவரிசை முழுவதும் பூச்சியமான அணி, கடைசி நெடுவரிசை பூச்சியமான அணி, சிறு பிழையையும் பெரிதாக்கிவிடும் நிலையற்ற அணி, எண்ணின் மேல்வரம்பைத் தொடும் அணி, கீழ்வரம்பைத் தொடும் அணி என்று தேடித்தேடிக் கொடுக்கும். கிடைத்த விடையைச் சமன்பாட்டில் திரும்பப் போட்டு, மிஞ்சும் பிழையை இயந்திரத்தின் துல்லியத்தால் வகுத்துப் பார்க்கும். அந்த விகிதம் சிறிய எண்ணாக வந்தால் தேர்ச்சி. வேண்டுமென்றே தவறான உள்ளீட்டைக் கொடுத்து, துணைநிரல் ஒழுங்காக மறுக்கிறதா என்றும் பார்ப்பார்கள். மறுக்கத் தெரியாத நிரல் தேர்ச்சி பெறாது.

எஃப்எஃப்டிடபிள்யூவின் சோதனை இன்னும் அழகு. சரியான விடை எது என்று வேறொரு நூலகத்திடம் கேட்காமலே விடையைச் சரிபார்க்கிறது. இரண்டு தொடர்களைக் கூட்டி மாற்றியதும், தனித்தனியே மாற்றிக் கூட்டியதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே ஒரு துடிப்புக்கான மாற்றம் முன்பே தெரிந்தது, அது சரியாக வர வேண்டும். தொடரை ஓர் இடம் தள்ளினால் மாற்றத்தில் கட்டம் மட்டும் கணக்காகத் திரும்ப வேண்டும். இம்மூன்றையும் தற்செயல் எண்களால் சோதித்தாலே நிரலைப் பெரும்பாலும் நம்பிவிடலாம். தான் எழுதியதைத் தானே இப்படிக் குறுக்கு விசாரணை செய்து, அந்த விசாரணையையும் மூலநிரலோடு கட்டி நமக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

இன்று ஒரே கட்டளையில் யாரோ கட்டிவைத்த பொதி வந்து இறங்கிவிடுகிறது. அன்றாட வேலைக்கு அது போதும், நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் அந்தச் சோதனைகள் ஓடியது வேறொருவரின் இயந்திரத்தில். உங்கள் ஆய்வின் எண்கள் எந்த இயந்திரத்தில் பிறக்கின்றனவோ அங்கே ஒருமுறையாவது ஓட்டிப் பாருங்கள். தொடங்குவதற்கு ஜிஎஸ்எல் ஏற்றது. லாஸ் அலமாஸில் மார்க் கலாசியும் ஜேம்ஸ் தெய்லரும் 1996-இல் தொடங்கிய நூலகம். பெரிய சார்புகள் எதுவும் இல்லை, கன்ஃபிகர், மேக், மேக் செக், மேக் இன்ஸ்டால் என்று நான்கு படிகள்தான். மேக் செக்கில் 'தோல்வி' என்று ஒரு வரி வந்தால் அதை மூடிவைத்துவிட்டு நிறுவாதீர்கள். நூலகத்தின் பதிப்பு, செயலி, இயங்குதளம், கம்பைலர், நீங்கள் கொடுத்த விருப்பங்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு அதைப் பேணுபவர்களுக்கு எழுதுங்கள். அவர்களுக்கு இந்த ஐந்து விவரங்களும் தேவைப்படும்.